இடிய வேண்டியதை முன்பே இடித்துவிடும் சரிவு

வீடு கட்டும் இடத்தில் லாரி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனதும் அந்தக் குவியலைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலே இன்னும் நாலு கூடை போட்டால் கற்கள் உருண்டு கீழே வரும், அடி அகலும். குவியல் பெரிதாகுமே தவிர செங்குத்தாகாது. உடைந்த கல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு அது. ஏறக்குறைய 35 முதல் 38 டிகிரி.

கல்குவாரியின் சுவரோ 70, 80 டிகிரியில் நிற்கிறது. முழுப் பாறை என்பதால்தான் நிற்கிறது. ஆனால் கல் எடுக்க வைத்த வெடி, பின்னால் விட்டுவைத்த பாறையிலும் விரிசல் விட்டிருக்கும். அதில் மழைநீர் இறங்கும், குளிர் நாடுகளில் உறைந்து விரிசலை இன்னும் பிளக்கும். குவாரியை மூடி எல்லோரும் போன பிறகும் கல் விழுந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைநாடு இருக்கிறது. அதில் ஒரு பெரிய பகுதி சுண்ணாம்புக்கல், அங்கே ஏராளமான குவாரிகள். 1980களின் பிற்பகுதியில் ஜான் கன், பீட்டர் கேகன் ஆகிய ஆய்வாளர்கள், இந்தக் குவாரிகளைச் சீரமைக்கப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிடமே பாடம் கேட்டார்கள். அங்கே இயற்கையான சரிவில் மேலே பாறைச் சுவர், இடையிடையே தூண்போல முன்துருத்திய பாறைகள், அவற்றுக்கு நடுவே விசிறியாக இறங்கும் கற்சரிவு. சுவரிலிருந்து விழுந்த கல்தான் கீழே குவிந்து, சுவரின் அடிப்பகுதியை மூடிக் காக்கிறது. விழ வேண்டியதில் பெரும்பகுதி விழுந்து முடிந்துவிட்டது. அந்தச் சரிவின் அழகும் உறுதியும் ஒரே காரணத்தால் வந்தவை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

சரி, பல்லாயிரம் வருட வேலையைக் குவாரியில் எப்படிச் செய்வது? வெடி வைத்துத்தான். வழக்கமாகச் சுவர் நேராக வெட்டுப்பட வேண்டும் என்று துளைகளை ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் போடுவார்கள். இங்கே வேண்டுமென்றே மாற்றுகிறார்கள். ஓரிடத்தில் துளைகளை நெருக்கிப் போட்டு மருந்தைக் கூட்டினால் பாறை உள்வாங்கி உடையும். கல் கீழே குவிந்து சரிவாகும். அடுத்த இடத்தைத் தொடாமல் விட்டால் அது துருத்திய பாறையாக நிற்கும். உடைந்த கல்லை அள்ளுவதில்லை, விழுந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 15 மீட்டர் உயரச் சுவரின் கீழ்ப்பாதியை, அதாவது 7.5 மீட்டரை, 37 டிகிரி கற்சரிவு மூட வேண்டும். சரிவின் அடி 10 மீட்டர் நீளும். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 37.5 கன மீட்டர் கல் தேவை. பாறை உடைந்தால் இடைவெளிகளால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உப்பும் என்பதால் 25 கன மீட்டர் முழுப் பாறை போதும். சுவரிலிருந்து 1.7 மீட்டர் கனத்தை உடைத்தால் அது கிடைத்துவிடும்!

ஆனால் பாறையைப் படிக்காமல் மருந்து வைக்கக் கூடாது. டெர்பிஷயர் சுண்ணாம்புக்கல்லின் அடுக்குகளுக்கு நடுவே பழைய எரிமலைச் சாம்பல் களிமண்ணாக மாறி மெல்லிய பட்டையாகக் கிடக்கிறது. அடுக்குகள் குவாரிப் பக்கம் சாய்ந்து, அந்தக் களிமண்ணும் நனைந்தால், மேலே இருப்பது மொத்தமாக வழுக்கி வரும். கற்சரிவின் கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைத் தடுக்காது. வெடித்த பிறகு சுவரில் தொங்கும் தளர்ந்த கற்களையும் தட்டி இறக்கியாக வேண்டும்.

அப்புறம் செடிகள். வளமான மண்ணைத் தடிமனாகப் போட்டால் முரட்டுப் புல் ஏறி மற்றதை அமுக்கிவிடும். சுண்ணாம்புக்கல் மலையின் சிறு பூச்செடிகளுக்கு ஏழை மண்ணே பிடிக்கும். கற்களின் இடுக்கில் கொஞ்சம் பொடிமண், அந்த ஊர்ப் புல், பூ விதைகள், அவ்வளவே போதும்.

இதெல்லாம் குவாரி ஓடும்போதே திட்டத்தில் இருக்க வேண்டும். எல்லைக்கல் வரை வெட்டி எடுத்துவிட்டு அப்புறம் யோசித்தால், உடைப்பதற்கு அந்த 1.7 மீட்டர் பாறை மிச்சமிருக்காது.