கரண்ட் பிடிப்பது ஏன், விடுவிப்பது எது?

கொஞ்ச நாள் எங்கள் வீட்டில், யாராவது குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாம் விளக்கு எரியும். எங்கள் வீடு மட்டும் இருட்டு. மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால், வரிசையாக நிற்கும் சுவிட்சுகளில் அகலமான ஒன்று மட்டும் கீழே விழுந்திருக்கும். தூக்கி விட்டால் சில நிமிடம் நிற்கும். மறுபடி ‘டக்’. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “சார், இந்த ஆர்.சி.சி.பி.தான் தொல்லை. இதைத் தாண்டி டைரக்டா கொடுத்துடறேன். அப்புறம் டிரிப்பே ஆகாது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை, ஆகாதுதான். சரி என்று சொல்ல வாயெடுத்தவன், ஆர்.சி.சி.பி. என்று அவர் சொன்ன அந்த அகலமான சுவிட்ச் எதைப் பார்த்து இப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாமே என்று ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

முதலில் ஷாக் என்பது என்ன என்று பார்ப்போம். ‘கரண்ட் பிடித்துக்கொண்டது’, ‘இழுத்துக்கொண்டது’ என்கிறோம். மின்சாரத்துக்குக் கை கிடையாது. பிடிப்பது நம் கைதான். மூளை தசைகளுக்கு அனுப்பும் கட்டளைகளே மிகச் சிறிய மின் துடிப்புகள். வெளியிலிருந்து அதைவிடப் பலமான மின்சாரம் புகுந்தால், தசைக்கு அதுதான் கட்டளை. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறி மாறி வருவதால் ‘சுருங்கு, சுருங்கு’ என்ற உத்தரவு இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். முன்கையில் விரலை மடக்கும் தசைகள், விரித்து நீட்டும் தசைகளைவிட வலுவானவை. இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கினால் மடக்கும் பக்கம்தான் ஜெயிக்கும். ஆகவே கம்பியைப் பிடித்த கை இன்னும் இறுகப் பிடிக்கிறது. விட வேண்டும் என்று மூளை அலறினாலும் அந்த அலறல் தசைக்குப் போய்ச் சேர்வதில்லை.

இதற்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எந்த அளவு வரை அவர்களால் விட முடிகிறது என்று அளந்தார். இன்று அப்படி ஒரு சோதனைக்கு யாரும் எளிதில் அனுமதி தர மாட்டார்கள். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சுமார் 10.5 மில்லி ஆம்பியர் என்று வந்தது. ஒரு மில்லி ஆம்பியரில் லேசான கிச்சுக்கிச்சு தெரியும். பத்தில் கை இறுகத் தொடங்கும். இன்னும் ஏறினால் மார்புத் தசைகள் இறுகி மூச்சு திணறும். முப்பதைத் தாண்டி, சில நொடிகளும் நீடித்தால் இதயத்தின் முறை வருகிறது.

இதயம் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. இதயத்தின் கீழறைகளில் உள்ள தசை நார்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து சுருங்கினால்தான் ரத்தம் வெளியே தள்ளப்படும். ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் அந்த நார்கள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த நேரம் பார்த்து வெளி மின்சாரம் குறுக்கே பாய்ந்தால் ஒற்றுமை கலைந்து, ஒவ்வொரு நாரும் தன் இஷ்டத்துக்குத் துடிக்கும். தொட்டுப் பார்த்தால் பைக்குள் புழுக்கள் நெளிவதுபோல் இருக்கும் என்று மருத்துவர்கள் வர்ணிப்பார்கள். துடிப்பு இருக்கிறது, ரத்த ஓட்டம் இல்லை. ஒரு முழு இதயத் துடிப்பின் நேரம் ஏறக்குறைய 0.8 நொடி. அதைவிட நீண்ட நேரம் ஷாக் நீடித்தால் அந்தப் பலவீனமான கணத்தைக் கட்டாயம் கடந்தாக வேண்டும். ஆபத்து கிடுகிடுவென ஏறுவது அதனால்தான். அதற்கு முன்பே நின்றுவிட்டால் தப்பிக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

30 மில்லி ஆம்பியர் என்பது எவ்வளவு சின்ன அளவு தெரியுமா? 230 வோல்ட்டில் எரியும் 7 வாட் இரவு விளக்கு ஒன்று எடுக்கும் கரண்ட்.

இப்போது ஃபியூஸுக்கும், அதன் இடத்துக்கு வந்த எம்.சி.பி. என்ற தானாக விழும் சுவிட்சுக்கும் வருவோம். நம்மில் பலர் ‘ஃபியூஸ் இருக்கிறதே, ஷாக் அடித்தால் போய்விடும்’ என்ற நம்பிக்கையில் வாழ்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரக் கையோடு ஒருவர் லைனைத் தொடுகிறார், வெறுங்காலில் தரையில் நிற்கிறார். அவர் உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டுக்கு 0.23 ஆம்பியர் அவர் வழியே பாயும். உயிரை எடுக்க இது தாராளம். கீசர் லைனில் உள்ள எம்.சி.பி.யோ 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். அதன் கண்ணுக்கு இந்த மனிதர் 50 வாட் பல்பு. கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை; அதை அது ஒழுங்காகச் செய்கிறது. ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆளைப் பற்றித் தெரிந்தது அந்த அகலமான சுவிட்ச்தான். அதுவும் வெறும் கழித்தல் கணக்கை வைத்து.

பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மோதிரம்போல ஓர் இரும்புக் கலவை வளையம். ஃபேஸ், நியூட்ரல் என்ற இரண்டு தடித்த கம்பிகளும் அந்த வளையத்தின் நடுவே நுழைந்து வெளியே போகின்றன. வளையத்தின் மேல் தலைமுடி கனத்தில் ஒரு செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது. மின்சாரம் பாயும் எந்தக் கம்பியைச் சுற்றியும் காந்தப்புலம் உண்டாகும். ஃபேஸ் வழியே போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியே திரும்பி வந்தால், எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். வளையத்துக்கு ஒன்றுமே தெரியாது. கீசர், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் அப்படித்தான்; போனது 20 ஆம்பியர், வந்தது 20 ஆம்பியர், மிச்சம் பூஜ்யம்.

ஆனால் போனதில் கொஞ்சம் ஒருவர் உடல் வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டால், திரும்பி வருவது அந்த அளவுக்குக் குறையும். 20 போனது, 19.97 வந்தது. அந்த 0.03 எங்கே? கணக்குப்பிள்ளை விழித்துக்கொள்கிறார். வளையத்தில் எஞ்சிய காந்தப்புலம் மெல்லிய செப்புச் சுற்றில் ஒரு சின்னக் கரண்ட்டைத் தூண்டுகிறது.

அந்தச் சின்னக் கரண்ட்டால் இவ்வளவு பெரிய சுவிட்சை எப்படி இழுத்துத் தள்ள முடியும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அது தள்ளுவதே இல்லை. உள்ளே ஓர் எலிப்பொறி ஏற்கெனவே பூட்டித் தயாராக இருக்கிறது. ஒரு ஸ்பிரிங் இழுத்துக்கொண்டே இருக்க, அதை விடாமல் ஒரு சின்ன நிலைக்காந்தம் இரும்புத் துண்டு ஒன்றைக் கவ்விப் பிடித்திருக்கிறது. செப்புச் சுற்றிலிருந்து வரும் கரண்ட் அந்தக் காந்தத்தின் பிடியை ஒரு கணம் தளர்த்தினால் போதும். மிச்ச வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். நாம் ‘டக்’ என்று தூக்கி விடும்போதே அந்த ஸ்பிரிங்குக்கு விசையை ஏற்றிவிடுகிறோம்.

30 மில்லி ஆம்பியர் என்று போட்ட கருவி, அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள்ளும் விழ வேண்டும் என்பது சர்வதேசத் தரக் கணக்கு. இதயத் துடிப்பின் 0.8 நொடியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது கரண்ட்டின் அளவைக் குறைப்பதில்லை. ஷாக் அடிக்கும், நன்றாகவே அடிக்கும், ஆள் துள்ளி விழலாம். நேரத்தை மட்டும்தான் வெட்டுகிறது. பின்னாளில் 1961-இல், அதே டால்சீல் அமெரிக்க வீடுகளுக்காக உருவாக்கிய கருவி சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும் வகை. கையை விட முடியாமல் போகும் அளவுக்கும் கீழே கோடு போட்டார். அளந்து பார்த்தவர் அல்லவா.

இதெல்லாம் இருக்க எர்த் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாஷிங் மெஷினுக்குள் ஒரு கம்பியின் உறை தேய்ந்து உலோக உடம்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் கம்பி இருந்தால் கசிவு உடனே அதன் வழியாகத் தரைக்கு ஓடும், கணக்கு இடிக்கும், யாரும் தொடுவதற்கு முன்பே சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் மெஷின் காத்திருக்கும், யாராவது வந்து தொடும்வரை. அப்போதும் சுவிட்ச் விழும். ஆனால் எர்த் கம்பியாக இருந்தவர் நீங்கள். பல பிளக்குகளில் எர்த் முனை மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதும் இதற்காகத்தான். கரண்ட் வந்து சேர்வதற்கு முன்பே தரைக்கு வழி போட்டுவிடுகிறது. அந்த முனையை வெட்டிவிட்டு இரண்டு துளை சாக்கெட்டில் செருகும் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது.

கணக்குப்பிள்ளையை ஏமாற்றவும் வழி இருக்கிறது. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டு, தரையோடு தொடர்பில்லாத மர ஸ்டூலில் நின்றால், போனதெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். வித்தியாசம் இல்லை. நம்மை ஒரு பல்பு என்று நினைத்து அது சும்மா இருந்துவிடும், மார்பின் குறுக்கே கரண்ட் ஓடும். அதனால் ஆர்.சி.சி.பி. இருக்கும் தைரியத்தில் மெயினை அணைக்காமல் வயரில் கை வைக்கக் கூடாது. இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் போயிருந்தால் அதற்கும் இந்தக் காவல் கிடையாது.

வாங்கும்போது முன்பக்கத்தைப் படியுங்கள். 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். 100, 300 என்று போட்டவையும் கிடைக்கின்றன. அவை கசிவால் வரும் தீயைத் தடுக்க, ஆளைக் காப்பாற்ற உதவாது. பக்கத்திலேயே ஒரு சின்னப் படம் இருக்கும். வெறும் அலை மட்டும் இருந்தால் பழைய வகை. அலைக்குக் கீழே அரை வட்ட மேடுகளும் இருந்தால் ஏ வகை. இப்போது வரும் பல சாதனங்கள் உள்ளே மின்சாரத்தை டி.சி.யாக, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட்டாக, மாற்றிக்கொள்வதால் அவற்றின் கசிவு வேறு வடிவத்தில் வரும். பழைய வகைக்கு அது தெரியாமல் போகலாம். ஏ வகை பாதிக்கு மேல் வெட்டுப்பட்ட அலைகளையும் கவனிக்கும்.

அப்புறம், ‘டி’ என்று எழுதிய பொத்தான். அதை அழுத்தினால், ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் வளையத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகும். வேண்டுமென்றே போட்ட பொய்க் கணக்கு. சுவிட்ச் விழ வேண்டும். எலிப்பொறியின் காந்தமும் இரும்புத் துண்டும் கண்ணாடிபோல இழைக்கப்பட்டவை. வருடக்கணக்கில் அசையாமல் ஒட்டியே இருந்தால் தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து பசைபோல ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டிய கருவி வெளியே பார்க்கப் புதிதுபோலவே நிற்கும். அவ்வப்போது அழுத்துவது சோதனையும் ஆகும், பொறிக்கு உடற்பயிற்சியும் ஆகும். அழுத்தியும் விழாவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

யாரையாவது கரண்ட் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். ஆள் பேச்சுமூச்சில்லாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். தனித்தனியாகத் துடிக்கும் நார்களை மறுபடி ஒரே தாளத்துக்குக் கொண்டுவர டிஃபிப்ரிலேட்டர் என்ற மின் அதிர்ச்சிக் கருவி வேண்டும். அது வரும்வரை மூளைக்கு ரத்தம் போவது உங்கள் கையில்தான்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தபோது, டைரக்ட் வேண்டாம், ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம் என்றேன். முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கினோம். கீசரைப் போட்டு நாலாவது நிமிடம் ‘டக்’. காயிலைக் கழற்றினார். வெள்ளைப் படிவுக்கு அடியில், உலோக உறையில் மயிரிழை அளவு விரிசல். உறைக்கும் உள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பிக்கும் நடுவே அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; சூடேறச் சூடேற அதன் தடையும் குறையும். சில நிமிடம் நின்று பிறகு விழுந்ததற்கு அதுதான் காரணம். இத்தனை நாளும் அந்தத் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருந்தோம். எலக்ட்ரீஷியன் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத வச்சிக்கிட்டா டைரக்டா குடுக்கலாம்னு சொன்னேன்” என்றார், பாதி தனக்குத்தானே. புதுக் காயில் மாட்டிய பிறகு அந்த அகலமான சுவிட்ச், மாதம் ஒரு முறை நானே பொத்தானை அழுத்தி வீட்டில் திட்டு வாங்கும்போது தவிர, விழுவதில்லை.