கணிப்பு வந்துவிட்டது, அப்புறம்?

வெள்ள எச்சரிக்கைத் துறையில் இருப்பதால், பயிற்சி வகுப்பு எடுக்கப் போகும் இடங்களில் அதிகாரிகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஏஐ மென்பொருள் வாங்கலாம் சார்?" என்பதுதான். வாங்கும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். கூகுள் 2018-இல் பாட்னாவில் சோதனையாகத் தொடங்கிய வெள்ள முன்கணிப்பு, இன்று ஃப்ளட் ஹப் என்ற பெயரில் பல நாடுகளின் ஆறுகளுக்கு ஏழு நாள் வரை முன்னதாகவே சொல்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

நீர்மட்டத்தை அளக்க ஆளோ கருவியோ இல்லாத ஆறுகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏராளம். ஏஐயால் பெரிய பயன் அங்கேதான். 5,680 அளவீட்டு நிலையங்களின் பழைய பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. அளவீடே இல்லாத ஆறுகளில்கூட கூகுளின் இந்த ஏஐ முறை ஐந்து நாள் முன்னால் சொல்வது, அதுவரை இருந்த உலகளாவிய முறை அன்றன்றைக்குச் சொன்னதற்கு ஈடாக இருந்தது. ஆனால் அணையின் மதகை யார் எப்போது திறப்பார்கள் என்பதோ, கரை எவ்வளவு பலவீனம் என்பதோ மழைத் தரவில் இருக்காது. 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னாவில் இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அணையைப் போய்ப் பார்த்துப் பழுது நீக்க மனிதர்கள்தான் வேண்டும்.

சரி, கணிப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு என்ன செய்வது என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டுவது வங்கதேசத்தை. 2020 ஜூலையில் யமுனா ஆற்றில் (டெல்லி யமுனை அல்ல, பிரம்மபுத்திராவுக்கு அங்கே அந்தப் பெயர்) வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே ஐ.நா.வின் அவசர நிதியிலிருந்து 50 லட்சம் டாலருக்கும் மேல் விடுவிக்கப்பட்டு, ஏழைக் குடும்பங்களின் கைப்பேசிக் கணக்குக்கே பணம் போனது. அதில் ஏஐ கிடையாது, வழக்கமான முன்கணிப்புதான். கணிப்பு எந்த அளவைத் தாண்டினால் யார் பணம் தருவது, யாருக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள், அவ்வளவுதான். 1970 போலா புயலில் லட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த அதே நாட்டில் இன்று 76,000 தன்னார்வலர்கள் மெகாஃபோனோடும் கொடியோடும் கடலோரக் கிராமங்களில் தயாராக இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் பெண்கள்.

அதனால் டெண்டர் விடும் முன் ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள்: எந்த அளவு வந்தால், யார், எந்தத் தெருவுக்குப் போய், யாரை முதலில் ஏற்றிவிடுவது, வண்டிக்கு டீசல் காசு எந்தக் கணக்கிலிருந்து. அதில் கலெக்டர் கையெழுத்தும் ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் மழைக்காலத்துக்கு முன்பே இருக்கட்டும்.