கல்லூரியில் சேரப் போகிறீர்களா? ரிசல்ட்டுக்கு முன்பே கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, ஒரு சான்றிதழ் பத்து நாள் தாமதமானதால் சலுகை போய்விட்டது என்று கேள்விப்படும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் இது நடக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் இ-சேவை மையத்தில் கூட்டம் முட்டுகிறது, சர்வர் திணறுகிறது, விஏஓ கூடுதல் பொறுப்பில் பக்கத்து கிராமத்தில் இருக்கிறார். பெற்றோர் வேலையை விட்டுவிட்டு அலைகிறார்கள். தமிழ்நாட்டில் முதலாமாண்டு சேரப் போகிறவர்களுக்காக, அதிலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தத் திட்டத்தை யார் எப்போது தொடங்கினார்கள் என்ற கதைக்குள் போகவில்லை. எங்கே சறுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரு இணையதளம், பொறியியல் கவுன்சிலிங்குக்கு வேறு இணையதளம். ஒன்றில் பதிந்தால் மற்றதிலும் பதிந்ததாக ஆகாது. மதிப்பெண் எப்படி வந்தாலும் இரண்டிலும் பதிந்து வையுங்கள். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது, மற்ற கட்டணங்கள்தான். அதை யோசிக்காமல் கடன் வாங்கித் தனியாரில் சேர்த்துவிட்டு இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்திய வீடுகள் எனக்குத் தெரியும்.

அடுத்து, யாருமே சொல்லித் தராத ஒன்று: செல்போன் எண். பிரௌசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். ஓடிபி அவருக்கு வரும். "உங்கள் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது" என்ற குறுஞ்செய்தியும் அவருக்குத்தான் போகும். அவர் ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் பதிகிறார், நமக்கு போன் போட்டுச் சொல்ல மாட்டார். ஒரு பெண் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு வரும் வரும் என்று காத்திருந்தாள். ஸ்டேட்டஸைத் திறந்து பார்த்தபோது, ரேஷன் கார்டு நகல் தெளிவாக இல்லை என்று விண்ணப்பம் போட்ட மூன்றாம் நாளே திருப்பியிருந்தார்கள். செய்தி போனது கடைக்காரர் போனுக்கு. அதனால் அப்பாவின் எண்ணோ அம்மாவின் எண்ணோ, ஓர் ஆண்டுக்காவது மாறாத ஒரு சிம்மைக் கொடுங்கள். மின்னஞ்சலைப் பிள்ளையே தொடங்கி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கட்டும். பொறியியல் கவுன்சிலிங்கில் கடைசி வரை அந்த எண்ணும் மின்னஞ்சலும்தான் சாவி.

இப்போது சான்றிதழ்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றுமே இ-சேவை வழியாகத்தான். அரசு மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். விண்ணப்பம் விஏஓவுக்குப் போய், வருவாய் ஆய்வாளருக்குப் போய், பிறகு துணை வட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் கையெழுத்துக்குப் போகும். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் வரை போகும், அதற்குப் பல மாதம்கூட ஆகலாம், அந்தக் குடும்பங்கள் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் விண்ணப்பம் தூங்கும். ஆன்லைன் ஆகிவிட்டது, அலைய வேண்டியதில்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும். நடைமுறையில் விஏஓவை நேரில் பார்க்காவிட்டால் பல ஊர்களில் ஒன்றும் நகராது. போகும்போது விண்ணப்ப எண், ரேஷன் கார்டு, ஆதார், அப்பாவின் சாதிச் சான்றிதழ் எல்லாம் நகலோடு இருக்கட்டும். "எல்லாவற்றையும் அப்லோடு செய்துவிட்டோமே" என்று வெறுங்கையோடு போனால் இன்னொரு நாள் கூலி போகும்.

வருமானச் சான்றிதழ் ஓர் ஆண்டுதான் செல்லும். பத்தாம் வகுப்பில் வாங்கியதை மடித்து வைத்திருந்தால் பயனில்லை. பொதுத்தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே புதிதாகப் போடுங்கள், அப்போது இ-சேவையிலும் கூட்டம் இருக்காது. சாதிச் சான்றிதழ் பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால், கியூஆர் கோடு உள்ள ஆன்லைன் சான்றிதழ் ஒன்றை இப்போதே வாங்கி வைப்பது நல்லது. எட்டு முதல் பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்திருந்தால் பொறியியலுக்கு இருப்பிடச் சான்றிதழும் தேவைப்படும். திருப்பூரிலிருந்து கொஞ்ச காலம் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்த குடும்பங்கள் இதில்தான் மாட்டுகின்றன.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணத்தைக் குறைக்கும் முதல் பட்டதாரி சலுகையைப் பற்றித் தவறான நம்பிக்கைகள் நிறைய. அப்பா, அம்மா, இரு பக்கத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் என ஒருவர்கூடப் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அக்கா தொலைதூரக் கல்வியில் பி.ஏ. முடித்திருந்தாலும் அவள் பட்டதாரிதான். அவளே இந்தச் சலுகையை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாலும் தம்பிக்குக் கிடையாது. மறைத்து வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பின்னால் தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

இதைவிடப் பெரிய பொறி வேறு. இந்தச் சலுகை தொழிற்படிப்புகளுக்கு, அதுவும் அரசு கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டுமே. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும், அது நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் ஒரு பைசா வராது. இது தெரிந்தும் மே மாதத்தில் கல்லூரி ஏஜென்ட்கள் ஊருக்குள் வந்து, "ஃபர்ஸ்ட் கிராஜுவேட் நாங்களே வாங்கித் தருகிறோம், இப்போதே ஐயாயிரம் கட்டி சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறார்கள். கவுன்சிலிங் தொடங்கும் முன் யாரும் உங்களுக்கு அரசு ஒதுக்கீட்டு இடம் தர முடியாது. அவர்கள் தருவது நிர்வாக இடம்தான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இலும் சட்டமானது. இதில் பொறியியல் இடம் கிடைத்தால் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அரசே ஏற்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. இந்த ஒரு வரியில் அடிபட்டவர்களை எண்ணி முடியாது. சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, மதிய உணவு அரசு கொடுக்கிறது, அதனால் நம் பள்ளியும் அரசுப் பள்ளிதான் என்று அந்தப் பெற்றோர் நம்புவதில் என்ன தவறு? பள்ளியும் வாய் திறப்பதில்லை. ஏழாம் வகுப்பை மட்டும் ஒரு தனியார் பள்ளியில் படித்த பையனும் வெளியேதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

தகுதி இருப்பவர்கள் செய்ய வேண்டியது, படித்த பள்ளிச் சான்றிதழை, போனஃபைடு என்பார்களே, தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே வாங்குவது. பள்ளி மாணவர் விவரங்கள் இருக்கும் எமிஸ் இணையப் பதிவில் ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பள்ளியின் பெயரும் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். நடுநிலைப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு மாறியபோது பதிவு விடுபட்டிருக்கும். மே மாதம் பள்ளி பூட்டிக் கிடக்கும், தலைமையாசிரியர் மாறுதலில் போயிருப்பார். புதியவர் "நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்பார்.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு விதி வேறு, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே அரசுப் பள்ளியோடு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களும் உண்டு. அதே உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில் படித்தால் கிடையாது. தொலைதூரக் கல்விக்கும் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம், "ஒன்றுதான் தருவோம்" என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரி மாணவர் பதிவான யூமிஸில் எண் போட்டாயிற்றா, இந்தத் திட்டத்தைப் பார்க்கும் பேராசிரியர் யார் என்று கேட்டு வைக்க வேண்டும்.

பணம் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் வங்கிக் கணக்கு. பாஸ்புக்கில் ஆதார் எண் எழுதியிருந்தால் போதாது. அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும், அந்த இணைப்பு ஒரே ஒரு வங்கிக்குத்தான் இருக்கும். வங்கிக்குப் போய் "ஆதார் சீடிங் செய்து தாருங்கள், டிபிடி வர வேண்டும்" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள், டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்கில் விழுவது. "லிங்க் ஆகியிருக்கிறது, போங்க" என்று அனுப்பிவிடுவார்கள், அவர்கள் சொல்வது பெரும்பாலும் கேஒய்சி, அதாவது ஆள் யாரென்று சரிபார்த்த பதிவு மட்டும். பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கு பல ஆண்டாகப் பயன்படுத்தாமல் முடங்கியிருந்தாலும் பணம் திரும்பிப் போகும்.

பெயர் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. மதிப்பெண் பட்டியலில் "பிரியா ர", ஆதாரில் "பிரியா ரவி", வங்கியில் "ர பிரியா". நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. கணினிக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு, ஆதாரையும் வங்கியையும் அதற்கு ஏற்ப மாற்றுவது எளிது. பிறந்த தேதியையும் அப்படியே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் ஆகியோரில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் வரை உள்ள குடும்பங்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க அரசு தரும் உதவித்தொகையில் அடங்கும் கட்டணத்தைச் சேர்க்கையின்போது உங்களிடம் கேட்கக் கூடாது என்று 2012 செப்டம்பரிலேயே அரசாணை 92 இருக்கிறது. ஆனாலும் "முதலில் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் தருகிறோம்" என்பதைக் கேட்காத குடும்பம் அரிது. அரசாணையின் நகலை எடுத்துக்கொண்டு போய், கட்டச் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், இறங்கி வருவார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் மட்டும் இந்த உரிமை இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது, அதைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். இது தெரியாமல் வீட்டில் வேறு செலவுக்கு எடுத்துவிட்டு, தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட் கிடைக்காமல் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பணம் வந்த அன்றே எதற்கு வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொறியியல் கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விருப்பப் பட்டியலில் ஐந்தாறு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு எதுவும் கிடைக்காமல் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், உண்மையில் சேர விரும்பும் வரிசையில் நீளமாகப் போடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், தவறினால் அந்த இடம் போய்விடும். அந்த இரண்டு நாளும் பிள்ளை போனும் கையுமாக இருக்கட்டும், கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போக வேண்டாம்.

கலைக் கல்லூரியில் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நேரில் நடக்கும். தமிழ், ஆங்கில இலக்கியத்துக்கு அந்த மொழிப் பாட மதிப்பெண், மற்றவற்றுக்கு நான்கு பாடங்களின் 400 மதிப்பெண் என்று தரவரிசை தனித்தனி. முதல் நாள் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், பொறியியலுக்குப் போகிறவர்கள் விலக விலக இடம் காலியாகும், அடுத்த கலந்தாய்வுக்கும் போய் நில்லுங்கள்.

அசல் சான்றிதழ்களை ஏஜென்ட் கையிலோ, விண்ணப்பிக்கும்போது எந்தக் கல்லூரியிடமோ விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், நகல் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி. வேறு நல்ல இடம் கிடைத்து விலகினால், கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதும் அதே விதியில் இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போக முழுத் தொகை, அதன் பிறகு நாளாக ஆகக் குறையும், கடைசித் தேதி கடந்து 30 நாளைத் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே விலகல் கடிதத்தை வாயால் சொல்லாமல் தேதியோடு எழுதி, மின்னஞ்சலிலும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

சான்றிதழ் எங்காவது தேங்கினால் முதல்வரின் உதவி மைய எண் 1100இல் விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். பள்ளி சார்ந்த விவரங்களுக்கு 14417. கவுன்சிலிங் தேதி நெருங்கிவிட்டால் போனோடு நிற்காதீர்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு நேரில் போங்கள். மனுவின் முதல் வரியிலேயே கவுன்சிலிங் எந்தத் தேதி, விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எழுதிவிடுங்கள். மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.