ஓட்டைய அடைக்க டாக்டருங்க ஏன் அவசரப்படுறதில்ல?

"பிள்ளைக்க டயாஃப்ரத்துல ஓட்டையாம், குடலெல்லாம் நெஞ்சுக்குள்ள ஏறி கிடக்காம், ஆனா ஆபரேஷன் ரெண்டு மூணு நாள் கழிஞ்சுதான்னு சொல்லுறாங்க, பில்லு ஏத்தத்தான் இழுத்தடிக்காங்களோ?" என்ஐசியூ, அதாவது பச்சப்பிள்ளைங்களோட தீவிர சிகிச்சை பிரிவு, அதோட வாசல்ல நிக்கிற தாத்தாமாரும் மாமன்மாரும் இந்த கேள்விய கேக்காம இருந்ததே இல்ல, அங்க வேலை பாத்த நர்சுங்கிற முறையில சொல்றேன். கேக்குறதுல தப்பும் இல்ல. நம்ம பக்கம் ஹெர்னியான்னா கடலுக்கு போறவருக்கோ லோடு தூக்குறவருக்கோ அடிவயித்துல வர்ற குடலிறக்கம்தான் தெரியும், தச்சு விட்டா கொஞ்ச நாள்ல ஆளு வேலைக்கு போயிடுவாரு. பச்சப்பிள்ளைக்கு வர்ற இந்த டயாஃப்ரம் ஹெர்னியா வேற ஜாதி. இதுல ஓட்டைய தைக்கிறது பிறகு செஞ்சாலும் நடக்கும், அந்த ஓட்டையால நுரையீரலுக்கு என்ன ஆச்சுங்கிறதுதான் உயிர் பிரச்சினையாக்கும்.

நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசைத்தட்டுதான் டயாஃப்ரம், உதரவிதானம்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். அம்மாவுக்கு நாள் தள்ளிப்போன விவரமே தெரிய வர்ற அந்த முதல் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள இது நாலஞ்சு துண்டா உருவாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மூடணும். அந்த சமயத்துல குடல் வளர வயித்துல இடம் இல்லாம கொஞ்ச நாள் தொப்புள்கொடிக்குள்ள போய் இருந்துட்டு, 10வது வாரம் வாக்குல திரும்ப உள்ள வரும். வரும்போது தட்டு மூடியிருந்தா வயித்துலயே அடங்கிடும். மூடலன்னா இரைப்பை, குடல், மண்ணீரல், சில பிள்ளைக்கு கல்லீரல்ல ஒரு பங்கு கூட மேல நெஞ்சுக்கு ஏறிடும். 100 பிள்ளைல 80, 85 பேருக்கு ஓட்டை இடது பக்கம்தான், முதுகோரமா இருக்கும். 1848ல பிராக் நகரத்து உடற்கூறு பேராசிரியர் போக்டாலெக் இத எழுதி வச்சதால அவர் பேரு ஒட்டிக்கிச்சு. நெஞ்செலும்புக்கு பின்னால வர்ற இன்னொரு வகை இருக்கு, அது அபூர்வம், பெரும்பாலும் சாதுவானது, அத விட்டுருவோம். மொத்தமா பாத்தா 2,500ல இருந்து 3,000 பிரசவத்துக்கு ஒரு பிள்ளைக்கு இப்படி வரும். ரொம்ப அபூர்வம்னு சொல்லி தள்ளுற கணக்கு இல்ல இது.

இப்ப நுரையீரலுக்கு வருவோம். நுரையீரல் மரம் மாதிரி கிளை விட்டு கிளை விட்டு வளருதுன்னு படிச்சிருப்பீங்க, அந்த காத்துக்குழாய் கிளைகள் முக்கால்வாசியும் 16வது வாரத்துக்குள்ள விட்டு முடிஞ்சிடும், ரத்தக்குழாயும் அதுங்க கூடவே கிளை விடும். சரியா அந்த நேரத்துல குடலும் இரைப்பையும் வந்து நெஞ்சுல குடியிருந்தா என்ன ஆவும்? நம்ம வீட்டு பிலாவுல ரெண்டு கொம்புக்கு நடுவுல மாட்டி காய்ச்ச சக்கைய பாத்திருப்பீங்க, நெரிஞ்ச பக்கம் சுளையே வச்சிருக்காது, கடைசி மாசத்துல போய் கொம்ப வெட்டி விட்டாலும் அந்த பக்கம் சுளை வைக்காது. ஓட்டைய அடைச்சு குடல கீழ இறக்குறது கொம்ப வெட்டுற வேலைதான். சுளை அந்த நாள்ல வராது. ஆனா மனுஷ நுரையீரலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நுனியில உள்ள காத்து அறைகள் பிறந்ததுக்கு பிறகும் சில வருஷம் புதுசா வந்துகிட்டே இருக்கும், அதனால பிள்ளைய அந்த முதல் சில வாரம் கடத்திட்டா பிறகு மெதுவா தேறும்.

இன்னொன்னும் கவனிங்க, குடல் ஏறின பக்கம் மட்டும் இல்ல, எதிர்ப்பக்க நுரையீரலும் செறுசாத்தான் இருக்கும். இதயத்த தள்ளி அந்த பக்கமும் நெருக்குறது ஒரு காரணம், நுரையீரல் வளர்ச்சியே ஆரம்பத்துல இருந்து தடம் மாறி போயிருக்கும்ங்கிறது இன்னொரு காரணம். எலிகள்ல நைட்ரோஃபென்ங்கிற களைக்கொல்லிய வச்சு செஞ்ச ஆராய்ச்சியில டயாஃப்ரம் கெடுறதுக்கு முன்னாலயே நுரையீரல் கெட ஆரம்பிக்கிறத பாத்திருக்காங்க.

அம்மா வயித்துல இருக்கும்போது இதுல எந்த கஷ்டமும் பிள்ளைக்கு தெரியாது. ஆக்சிஜன் நச்சுக்கொடி வழியா வருது, நுரையீரலுக்கு அங்க வேலையே இல்ல. அதனாலதான் அம்மாவும் "பிள்ளை நல்லா துள்ளுது, எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லுவாங்க, அது பொய்யும் இல்ல. கொடிய வெட்டின நிமிஷத்துல இருந்துதான் கதை மாறும். சாதாரண பிள்ளைக்கு முதல் அழுகையோட நுரையீரல்ல காத்து நிறைஞ்சு, அதுவரைக்கும் இறுகி கிடந்த ரத்தக்குழாய் எல்லாம் தளர்ந்து, ரத்தம் பாய்ஞ்சு போகும். இந்த பிள்ளைங்களுக்கு குழாய்களோட எண்ணிக்கையும் கம்மி, சுவரும் தடிச்சு இருக்கும், தளராது. நுரையீரல்ல பிரஷர் ஏறிடும். ரத்தம் உள்ள போக வழியில்லாம, வயித்துல இருந்தப்போ பயன்பட்ட பழைய குறுக்குப் பாதைகள் வழியா ஆக்சிஜன் ஏறாமலே உடம்புக்கு திரும்பிடும். அதான் ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு காட்டுற சாச்சுரேஷன் ப்ரோபு வலது கையில ஒண்ணும் கால்ல ஒண்ணும் மாட்டி வச்சிருப்போம், கையில 92ம் கால்ல 78ம் காட்டுச்சுன்னா குறுக்குப் பாதையில ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம், மெஷின் கோளாறுன்னு நினைச்சு பயந்துடாதீங்க.

பிறந்த உடனே இந்த பிள்ளைய எப்படி அடையாளம் தெரியும்? வயிறு உப்பாம குழிஞ்சு ஒட்டி கிடக்கும், ஏன்னா வயித்துல இருக்க வேண்டியது மேல இருக்கு. நெஞ்சு மட்டும் தூக்கலா இருக்கும், இதயத்துடிப்பு வலது பக்கம் கேக்கும், பிள்ளை நீலம் பாயும். இங்கதான் ஒரு பெரிய ஆபத்து இருக்கு. மூச்சு திணறுற பிள்ளைக்கு எல்லாரும் செய்யுறது மூஞ்சில மாஸ்க் வச்சு ஆம்பு பைய அமுக்குறது, மத்த பிள்ளைக்கு அது உயிர் காக்கும். இந்த பிள்ளைக்கு அந்த காத்து இரைப்பைக்கும் குடலுக்கும் போய், அதுங்க நெஞ்சுக்குள்ளயே ஊதி, மிச்சம் இருக்க நுரையீரலையும் அமுக்கிடும். அமுக்க அமுக்க பிள்ளை இன்னும் நீலமாகும். அதனால விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாஸ்க்க தொடாம நேரா மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு வென்டிலேட்டர்ல இணைச்சிடுவாங்க, வாய் வழியா இரைப்பைக்கு ஒரு டியூப் விட்டு காத்த உறிஞ்சி எடுத்துகிட்டே இருப்பாங்க. எக்ஸ்ரே எடுத்தா நெஞ்சுல குடல் வளையம் வளையமா தெரியும், இரைப்பைக்கு போட்ட டியூப்போட நுனி நெஞ்சுக்குள்ள சுருண்டு நிக்கும், அத ஒரு தடவ பாத்தவங்களுக்கு மறக்காது.

வென்டிலேட்டர்லயும் மெதுவாத்தான் ஊதணும். முன்னெல்லாம் நம்பர் எல்லாம் நார்மலா வரணும்னு ஓங்கி ஊதுவாங்க, செறுசா கிடக்க நுரையீரல் அதுலயே கிழிஞ்சு போகும். நியூயார்க் கொலம்பியாவுல ஜென்-டியன் வுங்ங்கிற டாக்டரும் கூட உள்ளவங்களும் 1985ல மூச்சு திணறுற பச்சப்பிள்ளைங்கள பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க, கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூட நிக்கட்டும், சாச்சுரேஷன் கொஞ்சம் குறைவா இருக்கட்டும், நுரையீரல காயப்படுத்தாதீங்கன்னு. அந்த பொறுமைதான் இன்னிக்கு உலகம் முழுக்க வழக்கம், வலது கையில 85க்கு மேல இருந்தா போதும்னு விட்டுருவாங்க, வென்டிலேட்டர் பிரஷர 25க்கு மேல போக விடமாட்டாங்க. மானிட்டர பாத்துட்டு "100 வரலியே"ன்னு பதறுற அப்பாமாருக்கு இத சொல்லி புரிய வைக்கிறதுதான் எங்களுக்கு பெரும்பாடு.

ஆபரேஷன் கதையும் இதே மாதிரிதான் திரும்புச்சு. 1946ல பாஸ்டன்ல ராபர்ட் கிராஸ்ங்கிற சர்ஜன் பிறந்து ஒரு நாள் கூட ஆகாத பிள்ளைக்கு இந்த ஆபரேஷன் செஞ்சு காப்பாத்தினத அறிவிச்சாரு, அது பெரிய சாதனை. அதுக்கு பிறகு ஒரு 40 வருஷம் இத நடுராத்திரி எமர்ஜென்சியாத்தான் பாத்தாங்க, பிறந்த சூட்டோட தியேட்டருக்கு ஓடுறது. குடல் இறங்குச்சு, ஓட்டை மூடுச்சு, ஆனா பிள்ளைங்க பலது அடுத்த நாள்ல நுரையீரல் பிரஷர் ஏறி இறந்து போச்சு. ஏன்னா நுரையீரல் அதேதான், அதுல ஆபரேஷன் அலைச்சல் வேற சேந்துகிடும். 80கள் கடைசியில இருந்துதான் முதல்ல பிள்ளைய நிலைக்கு கொண்டு வா, நுரையீரல் பிரஷர் இறங்கட்டும், பிபி விழாம தாங்கிப் பிடிக்கிற மருந்து குறையட்டும், பிறகு கத்திய எடுன்னு மாறிச்சு. சிலருக்கு அது ரெண்டாம் நாளே வரும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகும். வாசல்ல நிக்கிற தாத்தாவுக்கு பதில் இதான். பில்லுக்காக இழுக்கல.

நுரையீரல் பிரஷர குறைக்க சில்டெனாஃபில், மில்ரினோன்னு மருந்துங்க உண்டு, நைட்ரிக் ஆக்சைடு வாயு மூச்சுல குடுப்பாங்க. மத்த பிள்ளைங்களுக்கு பிரமாதமா கேக்குற அந்த வாயு இந்த நோய்ல அவ்வளவா கை குடுக்கலன்னு 1997லயே ஆய்வு வந்தாச்சு, ஆனாலும் கேக்குற பிள்ளைக்கு கேக்கும்னு குடுத்து பாக்குறாங்க. எல்லாத்துக்கும் மேல எக்மோ இருக்கு, ரத்தத்த வெளிய எடுத்து ஆக்சிஜன் ஏத்தி திருப்பி அனுப்புற மெஷின், பச்சப்பிள்ளைக்கு அது செய்யுற இடம் நம்ம நாட்டுல விரல் விட்டு எண்ணலாம். ஆபரேஷன் சுருக்கமா சொன்னா விலா எலும்புக்கு கீழ கீறி, எல்லாத்தையும் கீழ இறக்கி, ஓட்டை சின்னதுன்னா நேரா தச்சிடுவாங்க, பெருசுன்னா கோர்டெக்ஸ் மாதிரி செயற்கைப் பொருள்ல ஒரு ஒட்டு வச்சு தைப்பாங்க.

இதெல்லாம் ஒழுங்கா நடக்கணும்னா அஞ்சாம் மாச ஸ்கேன் ஒழுங்கா நடக்கணும். 18ல இருந்து 20 வாரத்துக்குள்ள எடுக்குற அனாமலி ஸ்கேன்ல இதயத்துக்கு பக்கத்துல கருப்பா இரைப்பை தெரிஞ்சா, இதயம் வலது பக்கம் ஒதுங்கி நின்னா சந்தேகம் வந்துடும். பிறகு எதிர்ப்பக்க நுரையீரலோட அளவ தலைச்சுற்றளவோட வகுத்து, அந்த வாரத்துக்கு இருக்க வேண்டியதுல எத்தன சதவீதம்னு பாப்பாங்க, 25க்கு கீழன்னா ரொம்ப கஷ்டமான கேஸ், கல்லீரலும் மேல ஏறியிருந்தா இன்னும் கஷ்டம். கூடவே இதய எக்கோ, குரோமோசோம் டெஸ்ட்டும் சொல்லுவாங்க, இந்த பிள்ளைங்கள்ல கணிசமான பேருக்கு வேற குறையும் சேந்து இருக்கும்ங்கிறதால. நம்மூர்ல பிள்ளை ஆணா பொண்ணான்னு தெரியாதேன்னு அலுத்துக்கிட்டு இந்த ஸ்கேன தள்ளிப்போடுறவங்கள நான் பாத்திருக்கேன், எரிச்சலா வரும்.

ஸ்கேன்ல தெரிஞ்சா அடுத்த முடிவு பிரசவம் எங்கங்கிறது, குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம். நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர் கூட இல்ல, மேப்புல பக்கம்தான். ஆனா மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு அந்த ரோட்டுல போனவங்களுக்கு தெரியும் எவ்வளவு நேரம் ஆகும்னு. பிரஷர் ஏறி இறங்குற பிள்ளைய வென்டிலேட்டரோட ஆம்புலன்ஸ்ல வச்சு ஒவ்வொரு குலுக்கலுக்கும் சாச்சுரேஷன் விழுறத பாத்துகிட்டே போறதுக்கும், அதே பிள்ளைய அம்மா வயித்துல வச்சே ஒரு வாரம் முன்னால பஸ்ல கூட்டிட்டு போறதுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ, திருவனந்தபுரமோ, மதுரையோ, சென்னையோ, பச்சப்பிள்ளை சர்ஜனும் என்ஐசியூவும் ஒரே கட்டடத்துல இருக்காங்களா, இந்த கேஸ் எடுப்பாங்களான்னு எட்டாம் மாசத்துக்கு முன்னால டாக்டர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிடணும். தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான்னு பிடிவாதம் பிடிக்கிற நேரம் இல்ல.

வயித்துக்குள்ளயே வைத்தியம் பாக்க முடியாதான்னா, முடியும், கொஞ்சம். நுரையீரல் தானா ஒரு திரவத்த சுரந்துகிட்டே இருக்கும், அது மூச்சுக்குழாய் வழியா வெளிய வந்துடும். மூச்சுக்குழாய்ல ஒரு குட்டி பலூன வச்சு அடைச்சா திரவம் தேங்கி நுரையீரல உள்ள இருந்து விரிக்கும். 27ல இருந்து 29 வாரத்துக்குள்ள வச்சு, 34 வாரத்துல எடுத்துடணும். ரொம்ப கஷ்டமான கேஸ்கள்ல இத வச்சு பாத்த டோட்டல்ங்கிற ஆய்வு 2021ல வந்துச்சு, பலூன் வச்சவங்கள்ல 40 சதவீத பிள்ளைங்க பிழைச்சு வீட்டுக்கு போச்சு, வைக்காதவங்கள்ல 15 சதவீதம். நடுத்தர கேஸ்கள்ல தெளிவான பலன் நிரூபணம் ஆகல. குறைமாச பிரசவம் கூடுது, பலூன எடுக்கும் முன்ன வலி வந்தா மூச்சுக்குழாய் அடைச்ச நிலையில பிள்ளை பிறக்கும், அதனால அம்மா அந்த ஆஸ்பத்திரி பக்கத்துலயே வீடெடுத்து தங்கணும். நம்ம நாட்டுல மிகச் சில இடத்துலதான் செய்றாங்க.

ஏன் வந்துச்சுன்னு கேட்டா பெரும்பாலான கேஸ்ல காரணம் பிடிபடாது. சிலருக்கு ஜீன் மாற்றம் இருக்கும், வைட்டமின் ஏ உடம்புல வேலை செய்யுற பாதைக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கும்னு சந்தேகிக்கிறாங்க. கிரகணத்துல வெளிய போனதால இல்ல, மீன் கடவத்த தலையில சுமந்ததாலயும் இல்ல, மாமியாருங்க மருமவள குத்திக்காட்ட இதுல ஒண்ணும் கிடையாது. வேற குறை இல்லாம இது மட்டும் வந்திருந்தா அடுத்த பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு 100க்கு ஒண்ணு ரெண்டுதான்.

எல்லாரும் பிறந்த அன்னைக்கே மாட்டிக்கிறதும் இல்ல. ஓட்டை சின்னதா இருந்து குடல் பிறகு ஏறினா மாசம் வருஷம் கழிஞ்சு அடிக்கடி சளி, வாந்தி, எடை ஏறாததுன்னு வரும், எக்ஸ்ரேல நெஞ்சுல காத்து தெரியுறத நுரையீரல் வெளிய காத்து கோத்திருக்குன்னு நினைச்சு நெஞ்சுல டியூப் குத்தினா குடல் ஓட்டையாகிடும். இரைப்பைக்கு ஒரு டியூப் போட்டுட்டு எக்ஸ்ரே எடுத்தா குழப்பம் தீந்துடும்.

நல்ல சென்டர்கள்ல இப்ப 100ல 70 பிள்ளை வாக்குல பிழைக்குது. வீட்டுக்கு வந்த பிறகு பால் எதுக்களிக்கும், எடை மெதுவாத்தான் ஏறும், ஒட்டு வச்ச பிள்ளைக்கு வளரும்போது ஒட்டு விலகி திரும்ப குடல் ஏறலாம், பச்சையா வாந்தி எடுத்தாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ பக்கத்து கிளினிக்ல சிரப் வாங்கி குடுத்துட்டு காத்திருக்காம டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துட்டு ஓடணும். காது டெஸ்ட் வீட்டுக்கு விடும்போது பாஸ் ஆனாலும் போதாது, இந்த பிள்ளைங்களுக்கு காது கேக்குறது பிறகு பைய குறையுறதுண்டு, அதனால மூணு வயசு வரைக்கும் திரும்ப திரும்ப எடுக்கணும், பிள்ளைங்க குறைகள ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு பாக்குற, மாவட்டத்துல உள்ள டிஇஐசி மையத்துல கேட்டா காதோட சேத்து பிள்ளை உக்காருறது, நடக்குறது, பேசுறது எல்லாத்தையும் பாத்து சொல்லுவாங்க.