அக்னாஸ்டிக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

சென்ற மாதம் டார்வின் வாழ்க்கை வரலாறு ஒன்றின் தமிழாக்கம் மெய்ப்புப் பார்க்க வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகம். ஓட்டமான தமிழ்தான், குறை சொல்ல அதிகம் இல்லை. 1879இல் ஜான் ஃபோர்டைஸ் என்பவருக்கு டார்வின் எழுதிய கடிதம் வரும் பக்கத்தில்தான் பேனா நின்றுவிட்டது. "எவ்வளவு ஊசலாடிய காலத்திலும், கடவுள் இருப்பதை மறுக்கிறவன் என்ற பொருளில் நான் நாத்திகனாக இருந்ததில்லை. என் மனநிலைக்கு அறியாமைவாதி என்பதே சரியான பெயர்" என்று அச்சாகியிருந்தது.

ஆங்கிலத்தில் டார்வின் எழுதிய சொல் 'அக்னாஸ்டிக்' (agnostic): கடவுள் உண்டா இல்லையா என்பது தனக்குத் தெரியாது என்பவர். அதற்குத் தமிழில் அறியாமைவாதி! படிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன புரியும்? உலகமே மதிக்கும் அறிவியலாளர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதானே? முதல் தடவை என்றால் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். இதே அக்னாஸ்டிக் ஒரு திரைத் தொடரின் தமிழ் வசன வரிகளில் 'நாத்திகன்' என்று வந்தது. ஒரு வார இதழில் 'சந்தேகவாதி' ஆனது. ஒரு கல்லூரிப் பாடக்குறிப்பில் 'அறியவொண்ணாவாதி' என்று நின்றது. ஒரே சொல்லுக்கு நாலு பெயர், நாலும் தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'க்னோ' என்பது அறிதலைக் குறிக்கும் வேர். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் காட்டும். நம் 'ஞானம்' வடமொழி வழியாக வந்ததும் இதே பழைய வேரிலிருந்துதான். அப்படியானால் வேரை மட்டும் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் அக்னாஸ்டிக் என்பவர் 'அஞ்ஞானி' ஆகிவிடுவார். பழைய தமிழ் விவிலியத்தில் பிற சமயத்தாரைக் குறிக்க ஆண்ட சொல் அது! வேர்ச்சொல் பார்த்துப் பெயர் வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தச் சொல்லை உண்டாக்கியவர் டார்வினுக்காக வாதாடிய ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, ஆண்டு 1869. லண்டனில் அந்த ஆண்டு தத்துவ விவாதத்துக்கென்று ஒரு கழகம் கூடியது. கவிஞர் டென்னிசன், அப்போதைய பிரதமர் கிளாட்ஸ்டன், கத்தோலிக்கப் பேராயர் மானிங் என்று எல்லாத் தரப்பினரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கைப் பெயர் இருந்தது, தனக்கு மட்டும் இல்லை என்று ஹக்ஸ்லி பின்னாளில் எழுதினார். பொறியில் வாலை விட்டுவிட்டு வந்த நரி, வாலுள்ள நரிகளுக்கு நடுவில் நிற்பதைப் போல உணர்ந்தாராம். அதனால் தானே ஒரு பெயரைச் செய்துகொண்டார். திருச்சபை வரலாற்றில் 'க்னாஸ்டிக்' என்று ஒரு கூட்டம் உண்டு. ஹக்ஸ்லிக்குத் தெரியாத விஷயங்களிலெல்லாம் எல்லாம் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு எதிர்ப்பதமாக அக்னாஸ்டிக் என்று வைத்தேன் என்பது அவர் சொன்ன காரணம். ஹட்டன் என்ற பத்திரிகை ஆசிரியர் வேறு மாதிரி நினைவுகூர்ந்தார். விவிலியத்தில் ஏதென்ஸ் நகரில் அப்போஸ்தலர் பவுல் கண்ட பலிபீடத்தில் 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதியிருந்ததல்லவா, அங்கிருந்து ஹக்ஸ்லி எடுத்தார் என்பது அவர் கூற்று.

இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதில்தான் தமிழாக்கத்தின் தலையெழுத்தே இருக்கிறது. பலிபீடத்தைப் பிடித்தால் 'அறியப்படாத' என்ற அடை கடவுளுக்குப் போய்ச் சேரும். ஹக்ஸ்லியின் விளக்கத்தைப் பிடித்தால் அது மனிதனைப் பற்றியது: தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதவன்.

நம் அகராதிக்காரர்கள் பலிபீடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 'அறியவொண்ணாக் கொள்கை', 'அறியவியலாமை' எல்லாம் அங்கிருந்து வந்தவை. கேட்க அழகாக இருக்கிறது, தூய தமிழாகவும் இருக்கிறது. ஆனால் தமிழ்க் காதில் இந்தச் சொல் எதை எழுப்புகிறது என்று யாராவது நின்று கேட்டார்களா? 'உலகெலாம் உணர்ந்து ஓதற்கு அரியவன்' என்று தொடங்குகிறது பெரியபுராணம். 'மாலறியா நான்முகனும் காணா மலை' என்கிறது திருவெம்பாவை. திருவண்ணாமலைக் கதை எல்லோருக்கும் தெரியும். பன்றியாகத் தோண்டிப் போனவருக்கு அடி அகப்படவில்லை, அன்னமாகப் பறந்தவருக்கு முடி அகப்படவில்லை. நம் மொழியில் அறியவொண்ணாதவன் என்றால் அவன் இருக்கிறான் என்பது முடிந்துபோன விஷயம். நம் அறிவுக்குள் அடங்கமாட்டான் என்பதே அங்கே பேச்சு. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக பக்தர்கள் உருகி உருகிச் சொன்ன சொல் அது. அதைக் கொண்டுபோய், இருக்கிறானா இல்லையா என்பதற்கே சான்று போதவில்லை என்கிற மனிதருக்குச் சூட்டினால் அவரை அரைச் சைவராக்கிவிடுகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1862லேயே 'அறியவொண்ணாதது' என்று ஒன்றைப் பேசவில்லையா, அதுவும் இதில் சேர்த்திதானே என்பார்கள். ஸ்பென்சர் பேசினார், சரி. அவருக்கு அந்தச் சொல் பொருந்தும், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் சொல்லை உண்டாக்கிய ஹக்ஸ்லியே எதையும் அறியவொண்ணாதது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். முன்பு ஓரிரு முறை அந்தத் தவறைத் தானும் செய்ததுண்டு, அதற்காக 'Unknowable' என்று முதலெழுத்தைப் பெரிதாக எழுதி ஒரு 'U'வைக்கூட வீணாக்கினேன் என்று ஒப்புக்கொண்டார். இன்று சான்றில்லை என்பது ஒரு பேச்சு. என்றைக்கும் எவருக்கும் சான்று கிடைக்காது என்பது வேறு பேச்சு, அதற்கே பெரிய நிரூபணம் வேண்டும். பெற்றவரே வேண்டாம் என்ற பெயரைப் பிள்ளைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

'ஐயவாதி', 'சந்தேகவாதி' இரண்டையும் ஸ்கெப்டிக் என்ற சொல்லுக்கு விட்டுவிட வேண்டும். ஐயத்துக்கு நம் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'குற்றியோ மகனோ' என்பது. இருட்டில் ஓர் உரு தெரிகிறது, மரக்கட்டையா மனிதனா? பக்கத்தில் போனால் தெரிந்துவிடும், ஐயம் தீர்ந்துவிடும். கடவுள் பற்றிய கேள்வியில் பக்கத்தில் போவதற்கான வழியே இன்னும் நம் கையில் இல்லை என்பதுதான் ஹக்ஸ்லி நின்ற இடம். ஐயம் என்ற சொல் அந்த இடத்தை எட்டவில்லை.

'நாத்திகன்' தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1888இல் மான்செஸ்டரில் நடந்த திருச்சபை மாநாட்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரி முதல்வர் ஹென்றி வேஸ் இதே வேலையைத்தான் செய்தார். அக்னாஸ்டிக் என்று ஒருவர் தன்னை அழைத்துக்கொள்ளலாம், ஆனால் அவருக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு, அவர் ஓர் அவிசுவாசி என்றார். அதற்குப் பதிலாக ஹக்ஸ்லி 1889 பிப்ரவரியில் எழுதிய நீண்ட கட்டுரையில்தான் இந்தச் சொல்லுக்கான அவருடைய முழு விளக்கமும் இருக்கிறது. இது ஒரு கோட்பாடு இல்லை, ஒரு முறை என்றார். அறிவு சார்ந்த விஷயங்களில், நிரூபிக்கப்படாத அல்லது நிரூபிக்க முடியாத முடிவுகளை உறுதியானவை என்று பாவிக்காதே, அவ்வளவுதான் என்றார். நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் வேஸ் செய்ததை நம் மொழிபெயர்ப்பாளர்கள் தினம் செய்துகொண்டிருக்கிறார்கள். அவருக்காவது ஒரு நோக்கம் இருந்தது. இவர்கள் அகராதியைப் புரட்டச் சோம்பல்பட்டுச் செய்கிறார்கள்.

இப்படிச் சொன்னால் உடனே 'மதில்மேல் பூனை' என்பார்கள். துணிச்சல் இல்லாதவன், இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறவன் என்று. ஹக்ஸ்லியைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்து, அவை கடலில் பாய்ந்து மாண்டதாக விவிலியத்தில் வரும் கதையை நம்பச் சான்று இல்லை என்று வேஸிடமும் பிறகு கிளாட்ஸ்டனிடமும் பத்திரிகையில் பகிரங்கமாக மோதினார். மதங்கள் சொல்லும் குறிப்பிட்ட செய்திகளைச் சோதிக்கலாம். வேதம் எப்போது எழுதப்பட்டது, சடங்கு எங்கிருந்து வந்தது, அற்புதத்தைக் கண்டவர் யார் என்றெல்லாம் கேட்டு, இது மனிதர் கட்டியது என்று சான்றோடு சொல்லிவிடலாம். அக்னாஸ்டிக் அதைத் தயங்காமல் சொல்வார். உலகுக்கு ஓர் ஆதி காரணம் உண்டா என்ற கேள்வி இதனால் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லமாட்டார். மதம் மனிதன் செய்ததா, கடவுள் இருக்கிறாரா: இவை இரண்டு கேள்விகள். தமிழில் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு ஒரே பதிலை எதிர்பார்ப்பது நம் பழக்கமாகிவிட்டது. இதற்கும் ஒழுங்கான சொற்கள் இல்லாமையே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

சொல் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டு முன்பே அந்த மனநிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கடிதம் இருக்கிறது. 1860 செப்டம்பரில் ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல், நாலு வயதுகூட நிரம்பாதவன், செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்துபோனான். பாதிரியார் சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆறுதல் எழுதினார். அதற்கு ஹக்ஸ்லி எழுதிய பதிலில், மனிதனின் அழியாமையை நான் உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நம்பக் காரணம் தெரியவில்லை, இல்லை என்று காட்டவும் வழியில்லை என்றார். பிள்ளையைப் புதைத்து ஒரு வாரம் ஆன தகப்பன். மறுபடி பார்ப்போம் என்று நம்பிக்கொண்டால் நெஞ்சு எவ்வளவு ஆறியிருக்கும்! அந்த நேரத்திலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இவரையா 'அறியாமைவாதி' என்பது? சைவ சித்தாந்தத்தில் அறியாமை என்பது உயிரைப் பிடித்த மலம். பேச்சு வழக்கில் அது வசவு.

சரி, வேறு என்ன சொல்லலாம்?

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. மணிமேகலையில் சமயக்கணக்கர் காதையில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்து வாதிகள் வருகிறார்கள். (வாதி தமிழில்லை என்று இன்று சண்டை போடுகிறவர்கள் இதைப் பார்க்கலாம்.) அக்னாஸ்டிக் அந்தப் பத்தில் இல்லை. ஆனால் அதே காதையில் அளவைக் குற்றங்கள் (அறியும் வழியில் நேரும் பிழைகள்) எட்டு என்று ஒரு வரிசை வருகிறது, அதில் ஒன்று 'தேராது தெளிதல்'. ஆராயாமல் உறுதி கொள்வது. ஹக்ஸ்லி கண்டித்த குற்றத்துக்கு இதைவிடச் சரியான தமிழ் கிடையாது. 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்ற குறளும் அதே சொற்களை ஆள்கிறது. இதிலிருந்து 'தெளியாமை' என்று எடுக்கப் பார்த்தேன். ஆனால் இன்று தெளியாதவன் என்றால் போதை தெளியாதவன். 'துணியாமை' என்று வைத்தால் கோழை என்று படும். பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்தால் மட்டும் போதாது, இன்றைய காதில் அது எப்படி விழுகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் நான் வந்து நின்றது எளிய இடத்தில். 'உலகத்தார் உண்டென்பது இல்லென்பான்' என்கிறது இன்னொரு குறள். உண்டென்பார், இல்லென்பார் என்று இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் 'அறியேன் என்பார்'. நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றி, கத்தியை எடுத்தவன் இவன்தானா என்று கேட்கிறார்கள். நான் பார்க்கவில்லை, அறியேன் என்கிறார். அவரை யாரும் அறிவிலி என்று சொல்வதில்லை, குற்றவாளியின் கூட்டாளி என்றும் சொல்வதில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாத நேர்மையான சாட்சி. ஆளைக் குறிக்க 'அறியேன் என்பவர்'. நிலைப்பாட்டைக் குறிக்க 'அறியேன் நெறி'. கோட்பாடு இல்லை, முறை என்று ஹக்ஸ்லியே சொல்லிவிட்டதால் வாதம், கொள்கை, இயல் எதுவும் வேண்டாம், நெறி போதும்.

பக்தர்களும் 'ஒன்றும் அறியேன்' என்று பாடவில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். பாடுகிறார்கள். அது இறைவன் முன்னால் நின்று தன் சிறுமையைச் சொல்வது. இது ஒரு கேள்விக்குச் சொல்லும் விடை. இடம் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். அறியவொண்ணாமையில் குழப்பம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இது பிடிக்காதவர்கள் 'அக்னாஸ்டிக்' என்றே தமிழ் எழுத்தில் எழுதட்டும், எனக்குத் தகராறு இல்லை. பஸ்ஸையும் பேங்கையும் பொறுத்துக்கொண்ட மொழி இதையும் பொறுத்துக்கொள்ளும். பொருளைத் திருப்பிப் போடும் தனித்தமிழ்ச் சொல்லைவிட எனக்கு அது மேல். தூய்மை வேண்டும் என்பவர்கள் முதலில் வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும். 1880களில் சென்னையில் இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்று ஒரு தமிழ் வார இதழ் நடத்தினார்கள். செக்யூலர் என்ற சொல்லுக்கு 'இலௌகிகம்' என்று வைத்தார்கள். வடசொல்தான், ஆனால் அதை நாத்திகத்தோடு போட்டுக் குழப்பவில்லை. இன்று கடவுள் மறுப்பாளர், பகுத்தறிவாளர், மதச்சார்பற்றவர், மனிதநேயர், அக்னாஸ்டிக் எல்லோரும் ஒரே சாக்கில் கட்டிய மூட்டையாக 'நாத்திகர்' என்று அச்சாகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு மூட்டை இன்னும் இறுகிவிட்டது. அதைச் சரிபார்க்க உட்காருகிறவரும் முதலில் கண்ணில் படும் சொல்லையே ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

டார்வின் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினேன்: 'என் மனநிலைக்கு, அறியேன் என்பவன் என்பதே சரியான பெயர்'. முதல் இடத்தில் மட்டும் அடிக்குறிப்பாக அக்னாஸ்டிக் என்ற சொல்லையும் 1869 என்ற ஆண்டையும் கொடுக்கச் சொன்னேன். மொழிபெயர்த்தவர் மறுநாள் போன் செய்தார். "சார், பின்னாடி இன்னும் மூணு இடத்துல வருது, அங்கேயும் மாத்திடட்டுமா?" என்று கேட்டார். மாற்றச் சொன்னேன்.