கரண்ட் பில்லுக்குள் இருக்கும் கூலி

அல்சூரில் எங்கள் வீடு கடைசி மாடி. மார்ச் பிறந்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் சீலிங்கிலிருந்து அனல் இறங்கும். ஃபேன் அந்த அனலைத்தான் சுற்றிச் சுற்றி நம் மேல் தள்ளும். பெங்களூரில் ஃபேனே வேண்டாம் என்று சொன்ன தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. அதே ஊரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வெயில் பதிவானது.

இரண்டு வருடத்துக்கு முன்பு மொட்டைமாடிக்கு வெள்ளை நிறத்தில் வெயில் தடுக்கும் பூச்சு அடிக்க ஆள் தேடினேன். தருமபுரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் வந்தார். கூட ஒரு பெயிண்டர், ஒரு சித்தாள். முதல் நாள் முழுக்கப் பாசியைச் சுரண்டிக் கழுவினார்கள். இரண்டாம் நாள் விரிசல்களை அடைத்து பிரைமர் அடித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டு கோட்டிங். கிளம்பும்போது மேஸ்திரி சொன்னார்: "இந்த வேலை மார்ச்சுல ரெண்டு, ஏப்ரல்ல ரெண்டு வரும் சார். அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. வருஷம் முழுக்க இருந்தா ஊர்ல இருந்து பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்து பழக்கிடுவேன்."

நான் சொல்ல வருவதும் கிட்டத்தட்ட அதுதான். நம் கட்டடங்கள் வீணாக்கும் மின்சாரத்துக்கு நாம் கட்டும் பணத்தில் நிறைய பேருடைய கூலி இருக்கிறது. அதை எடுத்து அவர்கள் கையில் கொடுக்க மாநகராட்சியால் முடியும்.

முதலில் வெப்பம் எப்படி உள்ளே வருகிறது என்று பார்த்துவிடலாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. வீட்டு அயர்ன்பாக்ஸ் ஒன்றின் சக்தி அது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடி என்றால் நூறு அயர்ன்பாக்ஸ். அழுக்கேறிய பழைய கான்கிரீட் இதில் சுமார் 70 சதவீதத்தை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு 25 சதவீதம் அளவுக்குத்தான் உறிஞ்சும், மீதியை வானத்துக்கே திருப்பிவிடும். வித்தியாசம் 45 கிலோவாட். அது மொத்தமும் அறைக்குள் வராது, பெரும்பகுதி காற்றோடு போய்விடும். பத்தில் ஒரு பங்கு இறங்கினால்கூட நாலரை கிலோவாட் ஆகிறது. 1 டன் ஏசி ஒரு அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பமே மூன்றரை கிலோவாட்தான்.

கான்கிரீட்டுக்கு இன்னொரு குணம், நிதானமாகச் சூடாகி நிதானமாக ஆறும். பகலெல்லாம் குடித்த வெயிலை நாம் பாய் விரிக்கும் நேரத்தில்தான் அது கக்கத் தொடங்கும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த 'சுருக்கி' என்ற அடுக்கைப் போட்டு, அதற்கு மேல் தட்டை ஓடு பதித்தார்கள். அது மழைத் தண்ணீருக்கு மட்டும் போட்டதல்ல, வெயிலையும் மட்டுப்படுத்தியது. செலவைக் குறைக்கப் போய் அந்த அடுக்கை இழந்தோம், இப்போது அதற்கு மாதாமாதம் கரண்ட் பில்லாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஜன்னல் கதை சின்னது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். அந்த வெயில் தரையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாக மாறிய பிறகு, அதே கண்ணாடி அதை எளிதில் வெளியே விடாது. அதனால் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே ஒரு மூங்கில் தட்டியோ சன்ஷேடோ நன்றாக வேலை செய்யும். கருவிகளைப் பொறுத்தவரை, பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத புதுவகை மோட்டார் ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தரும். ஏசியில் ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

சரி, இதில் வேலைவாய்ப்பு எங்கிருந்து வருகிறது?

நான் கட்டும் பில் பணத்தின் பின்னால் போய்ப் பார்த்தால் தெரியும். கர்நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ராய்ச்சூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வெளி மாநிலங்களிலிருந்து ரயிலில் வருகிறது. பணத்தில் ஒரு பங்கு நிலக்கரிக்கு, ஒரு பங்கு ரயிலுக்கு, ஒரு பங்கு பெரிய இயந்திரங்களின் கடனுக்கும் வட்டிக்கும் போகிறது. மின் உற்பத்தி என்பது இயந்திரம் நிறைய, ஆள் குறைவாக உள்ள தொழில். மொட்டைமாடிக்குப் பூச்சு அடிப்பது நேர்மாறானது. அங்கே டப்பாவின் விலையைத் தவிர மற்றதெல்லாம் கைக்கூலி. அந்தக் கூலி மறுநாளே பக்கத்து மளிகைக் கடைக்கும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கும் போகும். வேறு ஊரில் செய்து லாரியில் ஏற்றி அனுப்பவும் முடியாது. அல்சூர் மாடிக்கு அல்சூரில்தான் பூச்சு அடிக்க வேண்டும். பில் குறைந்த குடும்பத்திடம் மிஞ்சும் பணமும் அதே தெருவில் செலவாகும், அது இன்னொரு சுற்று.

சர்வதேச எரிசக்தி முகமை 2020ல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இதற்கு ஒரு கணக்கு தருகிறது. கட்டடங்களின் எரிசக்தித் திறனில் பத்து லட்சம் டாலர் முதலிட்டால் 9 முதல் 30 வேலைகள் வரை உருவாகும். வீச்சு இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், கூலி குறைந்த நாட்டில் அதே பணத்துக்கு அதிகம் பேர் வேலை செய்வார்கள். இத்தகைய கணக்குகளில் ஒரு வேலை என்பது பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு வருட உழைப்பு என்ற பொருளில்தான் வரும், ஆயுள் முழுக்கச் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் மேஸ்திரி சொன்ன 'வருஷம் முழுக்க' முக்கியமாகிறது.

எல்லாச் சிக்கனமும் ஒரே அளவு வேலை தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு 2015ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின. மொத்தமாக வாங்கியதால் கொள்முதல் விலை 310 ரூபாயிலிருந்து இரண்டே வருடங்களில் 38 ரூபாய்க்கு இறங்கியது. மின்சாரச் சிக்கனத்தில் அது மாபெரும் வெற்றி. ஆனால் பல்பு மாற்ற யாரையும் கூலிக்குக் கூப்பிட வேண்டாம், ஸ்டூல் போட்டு நாமே மாற்றிவிடுவோம். கூரை, ஜன்னல், வயரிங், ஏசி பைப், சர்வீஸ் என்று கைபட வேண்டிய இடங்களில்தான் பிழைப்பு இருக்கிறது. வேலைவாய்ப்பை மனதில் வைத்துத் திட்டம் போடும் மாநகராட்சி இந்த வேறுபாட்டைப் பார்த்தே பணத்தை ஒதுக்க வேண்டும்.

மாநகராட்சி தொடங்க வேண்டிய இடம் அதன் சொந்தக் கட்டடங்கள். 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. பள்ளிகள், பிரசவ மருத்துவமனைகள், வார்டு அலுவலகங்கள் என்று ஒவ்வொன்றின் கையிலும் கட்டடங்கள் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 40 பழைய ஃபேன், ஒரு மருத்துவமனையில் 40 பழைய ஃபேன் என்று வைத்துக்கொள்வோம். பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ஒன்றுக்கு 45 வாட் வீதம் இரண்டிலும் 1.8 கிலோவாட் குறையும். பள்ளியில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் ஓடினால் மிச்சம் 2,160 யூனிட். மருத்துவமனையில் 24 மணி நேரம், 300 நாள் ஓடினால் 12,960 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் முன்னதில் சுமார் 17,000 ரூபாய், பின்னதில் ஒரு லட்சத்துக்கு மேல். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் வீதம் செலவு இரண்டு இடத்திலும் 1.2 லட்சம்தான். மருத்துவமனையில் ஒன்றேகால் வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும், பள்ளியில் ஏழு வருடமாகும்.

எரிசக்தித் தணிக்கை என்பது இப்படிக் கட்டடம் கட்டடமாக அளந்து எதை முதலில் மாற்றுவது என்று சொல்வதுதான். மின் அளவியும் வெப்பமானியும் கையில் வைத்துக்கொண்டு அளக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் முடித்த பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை அது. இதற்காக பள்ளியை ஒதுக்கிவிடவும் கூடாது. அங்கே ஃபேனைவிடக் கூரைக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும், மேல் மாடி வகுப்பில் மத்தியானம் உட்கார்ந்து பார்த்த யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

முதலுக்குப் பணம் இல்லை என்றால் அதற்கும் வழி உண்டு. ஒரு நிறுவனம் தன் செலவில் எல்லாவற்றையும் மாற்றித் தரும். குறைந்த பில் தொகையிலிருந்து ஒப்பந்தப்படி சில வருடங்களுக்கு அதற்குத் தவணை கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு அளவீட்டை நம்பித்தான் நிற்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் மீட்டரைப் பார்த்து எழுதி வைக்காவிட்டால் எவ்வளவு மிச்சமானது என்பதே சண்டையாகிவிடும்.

அடுத்தது விதி. கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பை மத்திய அரசு 2007ல் வெளியிட்டது, குடியிருப்புகளுக்கு 2018ல் தனியாக ஒன்று வந்தது. மாநில அரசு அதை ஏற்று, உள்ளாட்சி தன் கட்டட விதிகளில் சேர்த்து, பிளான் அனுமதி கொடுக்கும் மேஜையில் சரிபார்த்தால்தான் அதற்கு உயிர். பக்கத்துத் தெலங்கானா 2023ல், வெயிலைத் திருப்பிவிடும் கூரைகளுக்கென்று குளிர்கூரைக் கொள்கையையே கொண்டுவந்துவிட்டது.

விதி எப்படி ஒரு தொழிலை வளர்க்கும் என்பதற்குப் பெங்களூரே சாட்சி. 2007ல் இங்கே புதிய வீடுகளுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயமாக்கப்பட்டது. அது மின் விநியோகத் தரப்பின் விதி, ஹீட்டர் இல்லாவிட்டால் மின் இணைப்பு கிடைக்காது. வைத்திருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் அதிகபட்சம் 50 ரூபாய் தள்ளுபடி. இன்று இந்த ஊரின் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் சுற்றிலும் அந்தத் தொட்டிகள் தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு பிளம்பர் பொருத்தியிருக்கிறார், இன்னொருவர் உப்புப் படிவை எடுத்துக்கொண்டிருக்கிறார். மழைநீர் சேகரிப்பும் அப்படித்தான். குடிநீர் வாரியம் 2009ல் அதைக் கட்டாயமாக்கியபோது பிளம்பர்களுக்குப் பயிற்சியும் தந்தது, ஜெயநகரில் செயல்விளக்கப் பூங்காவும் அமைத்தது. விதியும் பயிற்சியும் சேர்ந்து வந்ததுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பயிற்சி என்றதும் எனக்குக் கோலார் தங்கவயல் ஞாபகம் வருகிறது. 1902ல் சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போனது அந்தச் சுரங்கத்துக்கு, பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு 1905ல்தான் வந்தது. ஆழத்தில் இறங்கித் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். 2001ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். அங்கேயே ஒரு பயிற்சிக்கூடம் வைத்து, சான்றிதழ் கொடுத்து, அந்தப் பெயர்ப் பட்டியலை மாநகராட்சி தன் ஒப்பந்தங்களில் கட்டாயமாக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சித்தாள் வேலை செய்யும் பெண்களையும் அதில் சேர்க்க வேண்டும். எங்கள் மாடியில் விரிசல் ஒன்றுவிடாமல் கண்டுபிடித்தது அந்தச் சித்தாள் அம்மாதான், கூலி மட்டும் அவருக்குத்தான் குறைவு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கர்நாடகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரம் இலவசம். அந்த 200க்குள்ளும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் முந்தைய சராசரிப் பயன்பாடு, அதற்கு மேல் 10 சதவீதம், அதுவரைதான் சலுகை. 200ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல், நான் அதற்கு எதிரானவன் இல்லை. ஆனால் பில்லே வராத வீட்டுக்காரர் எதற்காகச் சொந்தக் காசு போட்டுக் கூரைக்குப் பூச்சு அடிப்பார்? அந்த வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அரசுக்குத்தான் மிச்சம். ஆகவே அந்த வீடுகளின் கூரைக்கு அரசே பணம் போடுவது நியாயமான கணக்கு. வீட்டுக்காரருக்கு இரவில் தூக்கம், அரசுக்கு மானியச் செலவில் குறைவு, மேஸ்திரிக்கு வேலை. பில் கட்டுகிறவர்களுக்குச் சொத்துவரியில் தள்ளுபடி தரலாம். ஏப்ரலுக்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும் என்றதும் ஊரே முந்திக்கொண்டு கட்டுவதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

வெப்பம் குறைந்ததும் சிலர் ஏசியைக் கூடுதல் நேரம் ஓட்டுவார்கள், அதனால் காகிதத்தில் போட்ட மிச்சம் முழுசாக வராது. அதையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மற்றபடி எல்லாம் மேஸ்திரியின் காலண்டரில் வந்து நிற்கிறது. ஈரத் தளத்தில் பூச்சு ஒட்டாது, அதனால் கூரை வேலை டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை, அப்போது வகுப்பறைகளில் வயரிங், ஃபேன், ஜன்னல் நிழல். ஜூனிலிருந்து மழை, அந்த ஐந்தாறு மாதமும் மருத்துவமனை, அலுவலகங்களுக்கு உள்ளே ஏசி சர்வீஸ், மோட்டார் மாற்றம், அடுத்த வருடத்துக் கூரைகளின் அளவெடுப்பு. ஒரு வருட டெண்டராக விடாமல், மூன்று வருட ஒப்பந்தமாக, வார்டு வார்டாக, மாதவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் பத்துப் பேர் கொண்ட ஒரு குழு தருமபுரிக்கும் பெங்களூருக்கும் அலையாமல் இங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கிவிடலாம். சென்ற வாரம் போனில் இதைச் சொன்னபோது மேஸ்திரி முதலில் கேட்டது, "அளவெடுக்கிற வேலையையும் எங்களுக்குச் சொல்லித் தருவாங்களா சார்?"