'டேட்டா இல்லை' என்றால் கண்ணுக்கு ஆபத்து இல்லை என்று யார் சொன்னது?

பொங்கல் முடிந்து இது மூன்றாவது போன். மூன்றுமே சாயப்பட்டறை, மூன்றுமே கண். மூன்றாவதாகப் பேசிய மேனேஜர் அந்தப் பதற்றத்திலும் ஒரு நியாயத்தைக் கையில் வைத்திருந்தார். "சார், எம்எஸ்டிஎஸ் பார்த்துட்டுத்தான் சார் சரக்கு எடுத்தோம். கண்ணுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு அதுலயே போட்டிருக்கு." எம்எஸ்டிஎஸ் என்பது ரசாயனத்தோடு வருகிற பாதுகாப்புத் தரவுத் தாள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்தது. பதினொன்றாம் பகுதியில் கண் எரிச்சல் என்ற வரிக்கு எதிரே 'நோ டேட்டா அவைலபிள்' என்று இருந்தது. அவ்வளவுதான். அதைத்தான் மனிதர் 'ஒண்ணும் பண்ணாது' என்று படித்திருக்கிறார்.

இருபத்திரண்டு வயதுப் பையன். பெருந்துறைப் பக்கம் வேலை. சாயம் துணியில் நிற்பதற்காகப் போடும் டை ஃபிக்ஸர் கேனைச் சாய்த்து பக்கெட்டில் ஊற்றியிருக்கிறான். நிறைந்த கேனை வாய் முழுக்க அடைபடும்படி சாய்த்தால் என்ன ஆகும் என்று மண்ணெண்ணெய் ஊற்றிய தலைமுறைக்குத் தெரியும், உள்ளே காற்று போக வழியில்லாமல் 'குபுக்' என்று ஒரு தள்ளு தள்ளும். அந்தக் குபுக்கில் தெறித்தது வலது கண்ணில். தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு மீதியையும் ஊற்றி முடித்திருக்கிறான், ஏனென்றால் பெரிதாக எரியவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணைக் கழுவியிருக்கிறான், அதுவும் ஒரு மக் தண்ணீரில். ராத்திரி கண்ணைத் திறக்க முடியவில்லை. மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் கருவிழியின் (கார்னியா) மேல்தோல் பாதிக்குமேல் உரிந்துவிட்டது என்றார்கள்.

நான் கண் டாக்டர் இல்லை, டாக்ஸிகாலஜிஸ்ட், அதாவது நச்சியல் நிபுணர். பதினாறு வருடம் சோதனைக்கூடத்தில் இருந்துவிட்டு இப்போது ஆலைகளுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொருள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தப் பதினாறு வருடத்தில் பாதி நாள் பார்த்த வேலை. அதனால்தான் இந்தக் காலி வரியைப் பார்த்தால் இவ்வளவு எரிச்சல் வருகிறது.

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் போடுகிறோம். 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று வந்தால், ஒருவர் பதிவேட்டைத் தேடிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை என்று பொருள். வில்லங்கமே போட்டுப் பார்க்காத நிலத்தைக் காட்டி 'இதுல வில்லங்கம் இல்லைங்க' என்று புரோக்கர் சொன்னால் அட்வான்ஸ் கொடுப்பீர்களா? 'நோ டேட்டா அவைலபிள்' என்பது இரண்டாவது வகை. யாரும் தேடவில்லை. சோதனை செய்து எரிச்சல் இல்லை என்று வந்திருந்தால், 'எரிச்சல் தரவில்லை' என்று எழுதி, எந்த முறையில் சோதித்தார்கள் என்பதையும் பக்கத்தில் போட்டிருப்பார்கள். காசு செலவழித்துச் சோதித்து நல்ல ரிசல்ட் வாங்கிய எந்தக் கம்பெனியாவது அதை எழுதாமல் விடுமா? எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே காலியாக இருக்கிறது என்றால், ஒன்று சோதிக்கவில்லை, அல்லது சோதித்ததை உங்களிடம் சொல்லவில்லை. இரண்டிலுமே கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியது உங்கள் ஆள்தான்.

சரி, சோதனை என்று எதைச் சொல்கிறோம்? 1933 வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று ஒரு கண்ணிமை முடிச் சாயம் விற்றார்கள். உள்ளே இருந்தது பாராஃபினைலீன்டைஅமீன், இன்றைக்கும் தலைமுடிச் சாயத்தில் இருக்கிற அதே பொருள். அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தும் போனார். அந்தக் கொதிப்பும் சேர்ந்துதான் 1938இல் அங்கே புதிய சட்டம் வந்தது. 1944இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரெய்ஸும் கூட இருந்தவர்களும் முயல் கண்ணில் சோதிக்கும் முறையை வகுத்தார்கள். ஒரு கண்ணில் 0.1 மில்லி விட்டு, மறு கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுவிட்டு, நாள் கணக்கில் கவனித்து மதிப்பெண் போடுவது. மொத்தம் 110. அதில் கருவிழிக்கு மட்டும் 80, கருவிழித்திரைக்கு (ஐரிஸ்) 10, வெண்படலத்தின் சிவப்பு, வீக்கம், பீளை எல்லாம் சேர்த்தே வெறும் 20.

இந்தக் கணக்கை ஃப்ளோரில் இருக்கிற மேஸ்திரிகள் ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் நல்லது. விபத்து என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது 'கண்ணு சிவக்கக்கூட இல்லை சார்' என்பதைத்தான். சிவப்புக்கு மதிப்பெண் கம்மி ஐயா. காஸ்டிக் சோடா ஆழமாகத் தாக்கிய கண்ணில் கருவிழியைச் சுற்றி ரத்த ஓட்டமே நின்று வெளுத்துப் போகும். சிவப்பைவிட அந்த வெளுப்புக்குத்தான் பயப்பட வேண்டும். எரிச்சலும் அப்படித்தான், வலி குறைவு என்பதால் சேதம் குறைவு என்று ஆகாது. (காரம் ஏன் அமிலத்தைவிட மோசம் என்று இங்கே பாடம் நடத்தப்போவதில்லை. காஸ்டிக் துணியை என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள்.)

இப்போது முயலை முதலில் தொடுவதில்லை. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிக்கவே இந்தியா 2014இல் தடை போட்டுவிட்டது. தொழிற்சாலை ரசாயனங்களுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் அங்கும் சோதனை முறைகளை வகுக்கிற பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் வழிகாட்டுதல்படி மற்ற வழிகளை முடித்துவிட்டுத்தான் முயல். நான் அதிகம் செய்தது மாட்டுக் கண் சோதனை, 2009இல் ஓஇசிடி ஏற்றுக்கொண்ட 437ஆம் எண் முறை. விடிகாலையில் இறைச்சிக் கூடத்தில் கண்களை வாங்கி, உப்புக் கரைசலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடி வரவேண்டும். கண்களுக்காக அந்த மாடு கொல்லப்படவில்லை, எப்படியும் கழிவில் போகிற உறுப்பு. கீறல் விழுந்ததை எல்லாம் கழித்துவிட்டு, கருவிழியை மட்டும் வெட்டி, இரண்டு அறைகளுக்கு நடுவே கண்ணாடி பொருத்துவது போலப் பொருத்துவோம். 0.75 மில்லி சோதனைத் திரவம், பத்து நிமிடம். கழுவிவிட்டு இரண்டு மணி நேரம் வைத்து, எவ்வளவு மங்கியிருக்கிறது என்று கருவியில் ஒளி விட்டுப் பார்ப்போம். அப்புறம் ஃப்ளூரசின் என்ற பச்சை மஞ்சள் சாயத்தை விட்டு, ஒன்றரை மணி நேரத்தில் எவ்வளவு கசிந்து மறுபக்கம் வருகிறது என்று அளப்போம். நல்ல கருவிழியில் சாயம் நின்றுவிடும். கெட்டுப்போனதில் சல்லடையில் ஊற்றியது மாதிரி இறங்கும்.

ஒவ்வொரு முறையும், கண்ணைக் கெடுக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளையும் கூடவே ஓட்டுவோம், சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க. அந்த வேலைக்கு வைத்துக்கொள்கிற பொருள்களில் ஒன்று காஸ்டிக் சோடாக் கரைசல். நாங்கள் சேதத்துக்கு அளவுகோலாக வைத்திருப்பதை நீங்கள் மூடியில்லாத பக்கெட்டில் கொண்டு போகிறீர்கள். முதல் தடவை ஒரு சாயப்பட்டறைக்குள் போனபோது அதைப் பார்த்து நான் நின்றுவிட்டேன், என்னைப் பார்த்து அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாட்டுக் கண் முறையில், மங்கலையும் கசிவையும் சேர்த்துப் போடுகிற மதிப்பு 55க்கு மேல் போனால் கண்ணுக்குக் கடும் சேதம், 3 அல்லது அதற்குக் கீழே என்றால் வகைப்படுத்தத் தேவையில்லை. இடையில் வந்தால்? 'இந்தச் சோதனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது' என்று எழுதுவோம், அடுத்த சோதனைக்குப் போகவேண்டும். மனிதச் செல்களை வளர்த்துச் செய்த கருவிழித் திசு இருக்கிறது, 2015இல் ஏற்கப்பட்ட முறை, அதில் பார்க்கலாம். ஆனால் அறிக்கையை வாங்கிப்போகிறவர் 'சொல்ல முடியாது' என்பதை 'மீடியம்' என்று படிப்பார். மீடியம் என்று நாங்கள் எழுதவே இல்லை! பரீட்சை எழுதாதவனுக்கு 50 மார்க் போடுகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அடுத்த சாக்கு, 'எங்க சரக்கு மிக்சர் சார், அதை யாரும் டெஸ்ட் பண்றதில்லை.' பண்ண வேண்டாம். கணக்குப் போடலாமே. ரசாயனங்களின் ஆபத்தை வகைப்படுத்த ஜிஹெச்எஸ் என்று ஐநா வகுத்த முறையில் இதற்கு எளிய விதி இருக்கிறது. கண்ணுக்குக் கடும் சேதம் தரும் பொருள்கள் கலவையில் மொத்தம் 3 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கலவையும் அதே வகை. 1 முதல் 3 சதவீதத்துக்குள் இருந்தால் எரிச்சல் வகை. காஸ்டிக் மாதிரி ஆட்களுக்கு இந்த வரம்பே தாராளம், ஐரோப்பியப் பட்டியலில் அது 0.5 சதவீதத்திலேயே கண் எரிச்சல் வகைக்குள் வந்துவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு 8 சதவீதத்திலிருந்து கடும் சேதம். நீங்கள் டிரம்மில் வாங்குவது 50. பிஹெச் (அமில, கார அளவு) 2க்குக் கீழேயோ 11.5க்கு மேலேயோ இருந்தால் கண் சோதனையே தேவையில்லாமல் கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறது அதே முறை. பிஹெச் பேப்பர் உங்கள் லேபில் இருக்கிறது, நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ஒன்று, பிஹெச் 7 என்று வந்தாலும் நிம்மதி இல்லை. ஃபிக்ஸர், சாஃப்ட்னர் வகையறாக்களில் இருக்கும் கேட்டயானிக் (நேர்மின்சுமை உள்ள) சரக்குகள் நியூட்ரலாக இருந்துகொண்டே கருவிழியைக் கெடுக்கும். அந்தப் பையன் கண்ணில் பட்டதும் அப்படி ஒன்றுதான்.

துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று பார்த்துத் தரும் ஓகோ-டெக்ஸ் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. அது துணியைப் போட்டுக்கொள்ளப் போகிறவரின் உடம்புக்காகப் பார்த்தது. கேனைச் சாய்க்கிறவனின் கண்ணைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இனி செய்ய வேண்டியது. சப்ளையரிடம் எம்எஸ்டிஎஸ் கேட்டால் இரண்டாம் பகுதியையும் பதினொன்றாம் பகுதியையும் முதலில் திறங்கள். ஹெச்318 (கண்ணுக்குக் கடும் சேதம் என்பதற்கான குறியீடு) என்றோ, கையும் உலோகமும் அரிபடுகிற படமோ இருந்தால் அது மீளாத சேதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பேச்சே வேண்டாம். காலியாக இருந்தால் 318 இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், எழுதிக் கேளுங்கள், பதில் வருகிறவரை அடுத்த ஆர்டர் போடாதீர்கள். 1989ஆம் வருட அபாயகரமான ரசாயன விதிகளே பாதுகாப்புத் தரவுத் தாளைப் பற்றிப் பேசுகிறது, நீங்கள் ஒன்றும் சலுகை கேட்கவில்லை.

பவர் கண்ணாடி காகிள்ஸ் ஆகாது. சுற்றிலும் மூடி, காற்றுத் துளை மறைவாக இருக்கிற வகை வேண்டும். ஆவி பிடிக்கிறது என்று பசங்கள் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்றால், திட்டுவதற்கு முன் நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்து ஆவி பிடிக்காத வகையை வாங்குங்கள் முதலாளி. கேனைக் கையால் சாய்ப்பதை விட்டுவிட்டு ஒரு கைப் பம்ப் வாங்குங்கள், குபுக் சத்தமே வராது.

பட்டுவிட்டால் தண்ணீர். உடனே, அந்த இடத்திலேயே, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது 15 நிமிடம் ஓடுகிற தண்ணீர். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள், பாதிப் பேர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம்தான் வண்டி, ஆஸ்பத்திரி, எம்எஸ்டிஎஸ் தாளோடு. தாய்ப்பால், விளக்கெண்ணெய், ஊதிவிடுவது எதுவும் வேண்டாம். இன்னொன்று, இது சாயப்பட்டறைக்கே உரிய கிறுக்குத்தனம்: துணியில் காரத்தை அசிட்டிக் அமிலம் போட்டு நியூட்ரல் பண்ணிப் பழகிய மாஸ்டர் ஒருவர், பொங்கலுக்கு அப்புறம் வந்த இரண்டாவது கேஸில், கண்ணுக்கும் அதையே செய்யப் பார்த்தார். கண் துணி இல்லை மாஸ்டர். தயவுசெய்து.

கண் கழுவும் குழாய் வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். பத்து வினாடியில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறதா? அமெரிக்கத் தரவரையறை அதைத்தான் சொல்கிறது, தண்ணீர் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. மொட்டை மாடி டேங்கிலிருந்து கறுப்புப் பைப்பில் வருகிற சித்திரை மாத மதியத் தண்ணீரை உங்கள் கண்ணில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

அந்தப் பையனுக்கு மேல்தோல் மெல்ல மூடிக்கொண்டு வருகிறது, தழும்பு எவ்வளவு நிற்கும் என்று இன்னும் மூன்று வாரம் போனால்தான் தெரியும் என்கிறார்கள். சப்ளையருக்கு நான் மெயில் போட்டேன். இரண்டே நாளில் மூல உற்பத்தியாளரின் தாளை அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்கு எதிரே ஹெச்318 என்று தெளிவாக இருந்தது, கீழே மாட்டுக் கருவிழிச் சோதனையின் எண்ணும் இருந்தது. தாளின் தேதியைப் பார்த்தேன், இரண்டு வருடம் பழசு. உள்ளூரில் புதுப் பெயர் வைத்து லேபிள் மாற்றும்போது அந்த ஒரு வரி மட்டும் காணாமல் போயிருக்கிறது.